செல்போனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

காலை 5½ மணி.

சேரப்பணஞ்சேரி இன்னும் முழுதாக விழிக்கவில்லை. ஆனால் சாலை விழித்துவிட்டது.

வண்டலூரில் இருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையில், படப்பையைத் தாண்டினால் வரும் ஊர் இது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஒரகடம். ஒரு காலத்தில் இந்தச் சாலையில் நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் போயின. இப்போது கன்டெய்னர் லாரிகள் போகின்றன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் எல்லாம் இந்த வட்டாரத்தில்தான் தயாராகின்றன.

சாலை ஓரத்தில் ஒரு டீக்கடை. கம்பெனி பஸ்சுக்காக இருபது, முப்பது பேர் காத்து நிற்கிறார்கள். தென் மாவட்டத்துப் பையன்கள் இருக்கிறார்கள். ஒடிசாவில் இருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை. எல்லோர் கையிலும் செல்போன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், பக்கத்தில் நின்ற பையனைக் கூப்பிட்டார்.

"ஏம்பா! உன் போன்ல எது கேட்டாலும் சொல்லுமாமே?"

"சொல்லும் தாத்தா. என்ன வேணும்? கேளுங்க."

"மணிமங்கலத்துல பெரிய சண்டை நடந்துச்சுன்னு எங்க பாட்டன் சொல்வாரு. அது நெசமான்னு கேளு."

பையன் கேட்டான். ஒரு நொடிதான். பதில் வந்துவிட்டது. உரக்கப் படித்தான். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் புலிகேசியை மணிமங்கலத்தில் தோற்கடித்தான் என்று இருந்தது.

பெரியவர் தலையை ஆட்டினார். "அது சரி. இதுக்கு யாரு சொன்னது?"

"இன்டர்நெட்ல இருக்கு தாத்தா."

"இன்டர்நெட்டுக்கு யாரு சொன்னது?"

பையன் சிரித்தான். அவனுக்குப் பதில் தெரியவில்லை. டீ குடித்துக் கொண்டிருந்த எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை.

பெரியவர் கேட்டது சாதாரணக் கேள்வி அல்ல. அந்தக் கேள்வியைப் பிடித்துக் கொண்டு போனால் எங்கெங்கோ போக வேண்டி இருக்கிறது!

செப்பேட்டில் இருந்து போனுக்கு

மணிமங்கலம், படப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். கல்கியின் "சிவகாமியின் சபதம்" படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவு இருக்கும். ஆனால் சண்டை நடந்த சேதி கல்கிக்கு எப்படித் தெரிந்தது? சரித்திர ஆசிரியர்கள் எழுதி வைத்தார்கள். அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஒரு செப்பேடு சொன்னது!

காஞ்சிபுரத்துக்கு அருகே கூரம் என்று ஒரு கிராமம். ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வார் பிறந்த ஊர். அங்கே பல்லவர் காலத்துச் செப்பேடுகள் கிடைத்தன. நரசிம்மவர்மனின் பேரன் பரமேசுவரவர்மன் கொடுத்தவை. வடமொழியும் தமிழும் கலந்து, தகட்டில் எழுத்து எழுத்தாக வெட்டி இருக்கிறார்கள். பாட்டனார் எந்தெந்த ஊர்களில் புலிகேசியை வென்றார் என்று பேரன் அதில் பெருமையாகச் சொல்கிறான். அந்த ஊர்களில் ஒன்று மணிமங்கலம். புறமுதுகு காட்டிய புலிகேசியின் முதுகையே ஏடாக்கி, அதில் வெற்றி என்று எழுதினானாம் பாட்டன். அப்படி ஒரு வர்ணனை!

அந்தச் செப்பேட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை. எழுத்தே மாறிப் போயிருந்தது. ஜெர்மனி நாட்டில் இருந்து வந்த ஹுல்ஷ் என்ற அறிஞர், சென்னை மாகாணத்தின் கல்வெட்டு நிபுணராக இருந்தார். அவர் உட்கார்ந்து படித்தார். 1890-ம் ஆண்டு வெளிவந்த "தென்னிந்தியக் கல்வெட்டுகள்" முதல் தொகுதியில் அச்சிட்டார்.

அந்தப் புத்தகம் எத்தனை பேர் கையில் இருந்திருக்கும்? பெரிய நூலகங்களில் இருந்தது. பேராசிரியர்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. மணிமங்கலத்தில் ஏர் உழுதவருக்கு அது எட்டவில்லை. அவர் தம் பாட்டன் சொன்னதை நம்பினார். அவ்வளவுதான்.

பிற்காலத்தில் யாரோ ஒருவர் அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார். இணையத்தில் ஏற்றினார். இன்னொருவர் அதைப் படித்து, தமிழில் நாலு வரி எழுதினார். அந்த நாலு வரிதான், அன்று காலையில் டீக்கடைப் பையனின் கைக்கு வந்தது.

செப்பேடு வெட்டிய கொல்லன், அதைப் படித்த ஜெர்மன்காரர், அச்சுக் கோத்த தொழிலாளி, படம் எடுத்தவர், எழுதியவர் என்று அந்த நாலு வரிக்குப் பின்னால் இத்தனை கைகள்! செல்போனுக்குத் தானாக எதுவும் தெரியாது. மனிதன் சொன்னது மட்டுமே அதற்குத் தெரியும்.

வானத்தில் அல்ல, கடலுக்கு அடியில்!

"இன்டர்நெட் ஆகாயத்தில் இருக்கிறது" என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது தவறு.

செல்போனில் இருந்து பக்கத்துக் கோபுரம் வரைக்கும் சேதி காற்றில் போகிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் கம்பிதான். அதுவும் செம்புக் கம்பி அல்ல. கண்ணாடி இழை! தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளி ஓடுகிறது. அந்த ஒளியில் நம் கேள்வியும் பதிலும் ஓடுகின்றன.

சென்னைக் கடற்கரையில் இருந்து சிங்கப்பூருக்கு 2002-ம் ஆண்டு இப்படி ஒரு கம்பிவடம் போட்டார்கள். நீளம் 3 ஆயிரம் கிலோ மீட்டருக்கும் மேல். கப்பலில் சுற்றிக் கொண்டு போய், கடலின் அடியில் இறக்கிக் கொண்டே போனார்கள். அதற்குப் பிறகும் பல வடங்கள் வந்து சென்னையில் கரை ஏறி இருக்கின்றன. மீன் நீந்துகிற இடத்துக்குக் கீழே வெளிச்சம் ஓடுகிறது. அந்த வெளிச்சத்தில்தான் துபாயில் இருக்கும் கணவன் படப்பையில் இருக்கும் மனைவியிடம் பேசுகிறான்.

அந்தக் கம்பியின் அடுத்த முனையில் என்ன இருக்கிறது? கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அடுக்கு அடுக்காக, கட்டடம் கட்டடமாக. உலகத்துப் புத்தகங்களும் படங்களும் அவற்றில் இருக்கின்றன.

காசு வேண்டாம் என்றார்!

கம்பி இருந்தால் போதுமா? ஒரு கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொரு கம்ப்யூட்டர் படிக்க வேண்டாமா?

சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா நகரம். அதன் அருகே பெரிய அணு ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. "செர்ன்" என்று பெயர். பல நாட்டு விஞ்ஞானிகள் அங்கே வேலை செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒருவர் எழுதி வைத்தது இன்னொருவருக்குக் கிடைப்பது பெரும் பாடு.

டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் அங்கே இருந்தார். 1989-ம் ஆண்டு அவர் ஒரு யோசனை சொன்னார். எல்லா ஏடுகளையும் சிலந்தி வலை போல ஒன்றோடு ஒன்று கோத்துவிடலாம் என்பதுதான் அந்த யோசனை. ஒரு சொல்லைத் தொட்டால் அடுத்த ஏடு திறக்கும். அது எந்த நாட்டில் இருந்தாலும் சரி! இப்படிப் பிறந்ததுதான் "வையக விரிவு வலை".

அதை விற்றிருந்தால் எத்தனை கோடி கிடைத்திருக்கும்! 1993-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, அந்த ஆராய்ச்சிக் கூடம் ஓர் அறிவிப்புச் செய்தது. "இதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கட்டணம் இல்லை" என்பதே அதன் சாரம்.

நம் வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தக் கதையைக் கேட்டதும் வேறு ஒருவர் நினைவுக்கு வருவார்.

ஸ்ரீபெரும்புதூரில் 1017-ம் ஆண்டு பிறந்தவர் ராமானுஜர். திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரம் கேட்கப் பதினெட்டு தடவை நடந்தார். "யாருக்கும் சொல்லாதே, சொன்னால் நரகம்" என்ற நிபந்தனையோடு குரு சொல்லிக் கொடுத்தார். ராமானுஜர் நேரே கோவிலின் மேல் ஏறினார். ஊரைக் கூட்டினார். எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "நான் ஒருவன் நரகத்துக்குப் போனால் என்ன? இத்தனை பேர் கரை ஏறுவார்களே!" என்றாராம். வைணவப் பெரியவர்கள் சொல்லி வரும் வரலாறு இது.

பூட்டிய பீரோ

தமிழர்களுக்கும் அறிவைத் திரட்டும் ஆசை பழையதுதான்.

டாக்டர் உ.வே.சாமிநாத அய்யர் ஊர் ஊராக அலைந்தார். பரணில் கிடந்த ஓலைகளைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினார். 1887-ம் ஆண்டு "சீவக சிந்தாமணி"யை அச்சேற்றினார். சென்னையில் தமிழ் ஆசிரியராக இருந்த ஆ.சிங்காரவேலு முதலியார், தனி மனிதராக உட்கார்ந்து "அபிதான சிந்தாமணி" என்ற பெரிய அகராதியைத் தொகுத்தார். 1910-ம் ஆண்டு அது வெளிவந்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, தி.சு.அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால், தமிழ் வளர்ச்சிக் கழகம் "கலைக்களஞ்சியம்" என்ற வரிசையைத் தொடங்கியது. பெ.தூரன் முதன்மை ஆசிரியர். 1954-ல் இருந்து 1968 வரை 10 தொகுதிகள் வந்தன. வானம், மீன், மருத்துவம், சட்டம், சங்கீதம் என்று எல்லாம் தமிழில்!

நான் படித்த கல்லூரியில் அந்த 10 தொகுதிகளும் இருந்தன. கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. பீரோவுக்குப் பூட்டு. சாவி நூலகரிடம். நூலகர் பெரும்பாலும் லீவு! மூன்று வருடத்தில் இரண்டு முறைதான் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கிறேன். முதுகுப் பக்கத்துப் பொன் எழுத்துகளைத்தான் அதிகம் படித்திருக்கிறேன்.

இன்று அந்தக் கலைக்களஞ்சியம் முழுவதும் இணையத்தில் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் அதை ஏற்றி வைத்திருக்கிறது. நள்ளிரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கூடப் படுத்துக் கொண்டே படிக்கலாம். சாவி கேட்க வேண்டாம்.

பொங்கல் அன்று போட்ட விதை

ஆனால் இணையத்தில் தமிழ் எழுத்து வந்தது சுலபமாக அல்ல.

1995-ம் ஆண்டு சிங்கப்பூரில் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார்கள். அதில் தமிழும் இடம் பெற உழைத்தவர் நா.கோவிந்தசாமி. எழுத்தாளர், ஆசிரியர். தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிய முன்னோடிகளில் ஒருவர்.

அந்த நாட்களில் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்ன, வேதனை! ஆளுக்கு ஒரு முறையில் தமிழ் எழுத்தைப் பதித்தார்கள். மலேசியாவில் இருந்து ஒருவர் "நலமா?" என்று எழுதி அனுப்புவார். சென்னையில் திறந்தால் கட்டமும் கோடும் கொக்கியுமாகத் தெரியும்! 1999-ம் ஆண்டு சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. எழுத்தையும் தட்டச்சுப் பலகையையும் ஒழுங்குபடுத்த முயன்றார்கள். நாளடைவில், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான "யூனிகோடு" முறை நிலைத்தது. 2010-ம் ஆண்டு தமிழ்நாடு அரசும் அதை ஏற்றுக் கொண்டது. இப்போது இங்கே அனுப்பும் "அ" அங்கேயும் "அ"வாகவே போய்ச் சேருகிறது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவிலேயே ஒருவர் வேலையைத் தொடங்கிவிட்டார். அவர் டாக்டர் கு.கல்யாணசுந்தரம். ரசாயன விஞ்ஞானி. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் வேலை. ஜெனீவா ஏரிக் கரையில் உள்ள ஊர் அது. வலை பிறந்த அதே வட்டாரத்தில் ஒரு தமிழர் உட்கார்ந்து, தமிழ் நூல்களை அதில் ஏற்றும் திட்டத்தைத் தீட்டினார்!

1998-ம் ஆண்டு பொங்கல் அன்று அந்தத் திட்டம் தொடங்கியது. பெயர், "மதுரைத் திட்டம்". அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ச்சுனன் அவருக்குத் துணை நின்றார். சம்பளம் கிடையாது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்கு ஒரு நூலை எடுத்துக் கொண்டார்கள். ஒருவர் தட்டச்சு செய்வார். இன்னொருவர் பிழை திருத்துவார். பகலில் ஆபீஸ், இரவில் தமிழ். முதலில் ஏற்றிய நூல் திருக்குறள். பிறகு சங்க நூல்கள், காப்பியங்கள், கதைகள் என்று வரிசை நீண்டது. யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

உ.வே.சா. கால்நடையாக அலைந்தார். இவர்கள் உட்கார்ந்த இடத்தில் விரல் நோக அலைந்தார்கள்.

எல்லோரும் எழுதும் ஏடு

2001-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி அமெரிக்காவில் "விக்கிப்பீடியா" என்ற கலைக்களஞ்சியம் தொடங்கியது. அதன் விதியைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். "இதை யாரும் எழுதலாம். யாரும் திருத்தலாம்!"

"அப்படி என்றால் குப்பைதான் சேரும்" என்றார்கள். ஓரளவுக்குக் குப்பையும் சேர்ந்தது. ஆனால் குப்பை போடுகிறவனைவிடக் கூட்டுகிறவர்கள் அதிகமாக வந்தார்கள். அதுதான் அதிசயம்.

2003-ம் ஆண்டு தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் அதில் எழுத வந்தவர் இ.மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். கட்டடக் கலைஞர். வளைகுடா நாட்டில் வேலை. கட்டடக் கலையில் தொடங்கினார். சரித்திரம், பூகோளம், விஞ்ஞானம் என்று போய்க் கொண்டே இருந்தார். ஆண்டுக் கணக்கில், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள்! 2015-ம் ஆண்டுக்கான "இயல் விருதை" கனடாவில் உள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு அளித்தது.

அவர் ஒருவர் மட்டும் அல்ல. கோவை, சேலம், கொழும்பு, சிட்னி என்று எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். ஆசிரியர்கள் எழுதினார்கள், மாணவர்கள் எழுதினார்கள். 2017-ம் ஆண்டு கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

பெருமைதான். ஆனால் ஆங்கிலத்தில் 60 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன!

இந்த வித்தியாசம் வெறும் கணக்கு அல்ல. ஒரகடத்துக்கு வேலைக்கு வரும் பையன் தமிழில் படித்தவன். ஐ.டி.ஐ. முடித்தவன். எந்திரத்தில் ஒட்டி இருக்கும் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் உள்ள ஒரு சொல் அவனுக்குப் புரியவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்கக் கூச்சம். செல்போனைக் கேட்கிறான். தமிழில் யாராவது எழுதி இருந்தால் பிழைத்தான். எழுதி இருக்காவிட்டால், எதிர்த்த எந்திரத்துக்காரன் செய்வதைப் பார்த்து அப்படியே செய்கிறான். விரல் போகிற இடத்தில் கத்தி இருக்கிற வேலை அது!

இப்போது பேசும் எந்திரமும் வந்துவிட்டது. "ஏ.ஐ." என்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் மனிதன் மாதிரிப் பதில் சொல்கிறது. அதுவும், இவர்களைப் போன்றவர்கள் எழுதி வைத்ததைப் படித்துப் பழகியதுதான். படித்தது குறைவாக இருந்தால் இல்லாததை இருப்பது போலவும் சொல்லிவிடும். அதனால் அதனிடமும் பெரியவரின் கேள்வியைக் கேட்க வேண்டும். "இதை உனக்கு யார் சொன்னது?"

சாம்பலுக்குப் பிறகு

ஏட்டைப் பல இடங்களில் வைத்திருந்தால் என்ன லாபம்? யாழ்ப்பாணத்துத் தமிழரைக் கேளுங்கள்.

1981-ம் ஆண்டு மே 31-ந் தேதி இரவு. யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. சுமார் 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. ஓலைச் சுவடிகளும் எரிந்தன. வேறு எங்கும் பிரதி இல்லாதவையும் அதில் இருந்தன. அவற்றை எந்தப் பணம் கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

2005-ம் ஆண்டு சில இளைஞர்கள் "நூலகம்" என்ற பெயரில் இணையத்தில் ஒரு நூலகத்தைத் தொடங்கினார்கள். தி.கோபிநாத், மு.மயூரன் என்பவர்கள் முன்னின்றார்கள். அப்போது உள்நாட்டுப் போர் ஓயவில்லை. வீடு விட்டு வீடு ஓடுகிற மக்களிடம் புத்தகம் கேட்டு வாங்குவது என்றால் சும்மாவா? வாங்கினார்கள். பழைய புத்தகம், பத்திரிகை, கோவில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், கல்யாண வாழ்த்து, கருமாதி நாளில் கொடுக்கும் நினைவு மலர் எதையும் விடவில்லை. படம் எடுத்து ஏற்றினார்கள். இன்று பல்லாயிரக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

நினைவு மலர் எதற்கு என்று நினைக்கலாம். ஊரே கலைந்து போன பிறகு, அந்த ஊரில் இன்னார் இருந்தார், இன்ன பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று சொல்ல அது ஒன்றுதான் மிஞ்சி இருக்கிறது.

அதே கம்பியில் பொய்யும் வரும்

இதுவரை நல்லதையே சொல்லி வந்தேன். கெட்டதையும் சொல்ல வேண்டும்.

2018-ம் ஆண்டு மே மாதம். "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி. சென்னையில் இருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோவிலுக்குக் காரில் போனது. வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அந்தக் குடும்பத்து மூதாட்டி, அங்கே விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். கும்பல் கூடியது. மூதாட்டியை அடித்தே கொன்றுவிட்டது!

அடித்தவர்கள் யாரும் பிள்ளையைப் பறி கொடுத்தவர்கள் அல்ல. போனில் வந்ததைப் பார்த்தவர்கள்.

நம் வட்டாரத்தில் நடந்தது வேறு மாதிரி. 2021-ம் ஆண்டு டிசம்பர். ஸ்ரீபெரும்புதூர் அருகே செல்போன் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்த பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில், சாப்பாடு கெட்டு வாந்தி பேதி. 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சிலரைப் பற்றித் தோழிகளுக்குத் தகவல் கிடைக்கவில்லை. "அவர்கள் செத்துப் போனார்கள். மறைக்கிறார்கள்" என்று போனுக்குப் போன் சேதி பறந்தது. ஆயிரக் கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மார்கழிப் பனியில், இரவெல்லாம்!

இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்கள் உயிரோடு இருந்தார்கள். கலெக்டர் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்த பெண்களை வீடியோவில் பேச வைத்துக் காட்டினார்.

"பொய்யைப் பரப்பினார்கள்" என்று அந்தப் பெண்களை ஏசியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள் எங்கே என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் நேரத்தில் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் வதந்தி புகுந்தது. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தரக்குறைவாக இருந்தன என்பதை, அந்தத் தொழிற்சாலையில் போன் வாங்கும் அமெரிக்கக் கம்பெனியே பின்னர் ஒப்புக் கொண்டது. சாவு பொய். மற்றக் குறை நிஜம்.

வாட்ஸ்அப் சேதிக்கும் விக்கிப்பீடியாக் கட்டுரைக்கும் உள்ள வேற்றுமையை இங்கே சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை முதலில் யார் எழுதினார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகிறது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பெயரில் வந்தவர் எதை மாற்றினார் என்று யாரும் பார்க்கலாம். கட்டுரையின் அடியில் "இதற்கு ஆதாரம் இன்ன புத்தகம்" என்று போட வேண்டும். போடாவிட்டால் "சான்று தேவை" என்று இன்னொருவர் எழுதிவிட்டுப் போவார். அங்கேயும் தப்பு உண்டு. ஆனால் தப்பைத் திருத்த வழியும் உண்டு.

ஒரு சங்கடம்

ஆதாரம் வேண்டும் என்ற அந்த விதியால் ஒரு சங்கடமும் இருக்கிறது. நம்பகமான இடத்தில் வெளியானது மட்டுமே ஆதாரம். வாயால் சொன்னதைக் கட்டுரையில் எழுத முடியாது.

அப்படி என்றால், அச்சேறாத ஊர்கள் என்ன செய்யும்?

மணிமங்கலத்துக்குச் செப்பேடு இருந்தது. பல ஊர்களுக்கு அதுவும் இல்லை. கல்வெட்டும் இல்லை. அந்த ஊர்களின் சரித்திரம் எல்லாம் பெரியவர்கள் தலைக்குள் இருக்கிறது. எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்ந்தது, எந்த மேட்டில் எந்த நெல் விளைந்தது, வெள்ளம் வந்த வருடம் தண்ணீர் எதுவரைக்கும் ஏறியது என்று அவர்களுக்குத் தெரியும். வயலில் சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது. சொல்லத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க் கொண்டிருக்கிறார்கள்.

இதற்கும் கொஞ்சம் வழி இருக்கிறது. ஊரைப் படம் பிடித்து ஏற்றலாம். பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து, விக்கிமீடியாவின் "பொதுவகம்" என்ற இடத்தில் வைக்கலாம். ஈழத்து "நூலகம்" வாய்மொழி வரலாறுகளைச் சேர்த்து வைக்கிறது. செலவு அதிகம் இல்லை. பையில் இருக்கும் செல்போன் போதும்.

மீண்டும் டீக்கடை

பஸ் அன்று தாமதம். பெரியவர் விடவில்லை.

"சரி, இன்னொண்ணு கேளு. நம்ம ஊர் ஏரிக்கு எத்தனை மதகு? ஒவ்வொண்ணுக்கும் என்ன பேரு?"

பையன் கேட்டான். செல்போன் ஒரு நொடி சுற்றியது. செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது.

"அது இல்லப்பா. இந்த ஏரி!"

மறுபடியும் கேட்டான். இப்போது மதகு என்றால் என்ன என்று விளக்கியது.

பெரியவர் பொக்கை வாய் தெரியச் சிரித்தார். டீக்கடைக்காரரும் சிரித்தார். பெரியவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு மதகுக்கும் ஒரு பெயர் சொன்னார். ஒரு பெயருக்கு ஒரு கதையும் சொன்னார்.

"இருங்க தாத்தா, இருங்க" என்று பையன் செல்போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினான்.

இரண்டாவது மதகின் கதை பாதி நடக்கும்போது கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது.

"மிச்சத்தைச் சாயந்தரம் சொல்றீங்களா?"

"சாயந்தரம் முடியாது. கண் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நாளைக்குக் காலைல சீக்கிரமா வா."

பையன் ஓடிப்போய் பஸ்சில் ஏறினான்.